வளர்ச்சி பிந்திய குழந்தையும் பெற்றோர் கடமையும்

குழந்தை பிறந்த வீட்டிலே நாட்களை எண்ணி மகிழ்வது நம்மவர் வழக்கம். முப்பத்தொன்று முடிந்தது, ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று, முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து உறவினருக்குப் பங்கிட்டாயிற்று என ஒவ்வொரு படியையும் குடும்பம் முழுவதும் கொண்டாடுகிறது. ஆனால், பிள்ளை இருக்க வேண்டிய வயதில் இருக்கவில்லை, கதைக்க வேண்டிய வயதில் கதைக்கவில்லை என்றால், அதே வீடு மௌனமாகி விடுகின்றது. தாய் மனத்துக்குள் அஞ்சுகிறாள். வெளியே சொல்லத் தயங்குகிறாள். சொன்னாலோ, "அவன்ரை தகப்பனும் மூண்டு வயதிலைதான் கதைச்சவன், பொறுத்துப் பார்ப்பம்" என்று அப்பம்மா ஆறுதல் கூறுகிறார்.

அந்த ஆறுதல் அன்பினாலே சொல்லப்படுவது. சில வேளைகளில் உண்மையாகியும் விடுகின்றது. ஆயினும், உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது பெருந் தீங்காக முடியலாம். "பொறுத்துப் பார்ப்போம்" என்று கழியும் ஒவ்வொரு மாதமும் அப்பிள்ளையின் மூளை மிக விரைவாக வளரும் மாதங்களில் ஒன்றாகும். சந்தேகம் எழுந்த உடனே காட்டுவதும், வீட்டிலேயே உதவியைத் தொடங்குவதும் ஏன் அவசியம், எப்படி இயலும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

பிந்துதல் என்றால் என்ன?

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் சுகதேகிகளான குழந்தைகளை அவதானித்து, 2006ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டது. அதன்படி பிடிமானமின்றி இருப்பதற்கு ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதம் வரையும், தனியே நடப்பதற்கு ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரையும் செல்லலாம். ஆகவே அயல் வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்ததென்று, 13 மாதத்து நம் பிள்ளையை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லையையும் கடந்தால், காரணம் யாதென்று வைத்தியரைக் கேட்பதே முறையாகும்.

பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. 3 மாதமாகியும் தாய் முகம் பார்த்துச் சிரிக்காமை. 4, 5 மாதமாகியும் தலை நிமிர்ந்து நில்லாமை. 9 மாதமாகியும் இருக்காமை. ஒரு வயதாகியும் மழலை ஒலி எழுப்பாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கை காட்டாமை. ஒன்றரை வயதாகியும் நடக்காமை, ஒரு சொல்லேனும் பேசாமை, வேண்டிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டாமை. இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்பது போல இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாமை. இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டால் காத்திருக்கலாகாது.

வேறு சிலவும் கவனத்திற்குரியன. 3 மாதத்திற்குப் பின்பும் கைகளை எப்பொழுதும் இறுக மூடி வைத்திருத்தல், உடம்பு விறைத்தோ துவண்டோ இருத்தல், ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதைப் பாவியாதிருத்தல் என்பன நரம்புக் குறைபாட்டின் அடையாளங்களாயிருக்கலாம். எந்த வயதிலாயினும், முன்பு சொன்ன சொல்லை, முன்பு செய்த செயலைப் பிள்ளை இழந்து விட்டால், அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

குறைமாதத்திற் பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. 40 வாரம் நிறைவதற்குப் பதிலாக 32 வாரத்திற் பிறந்த குழந்தை 8 வாரம் முந்திப் பிறந்ததாகும். அக்குழந்தைக்கு 6 மாதமாகும் போது, அந்த 8 வாரத்தைக் கழித்து, ஏறத்தாழ 4 மாதத்துப் பிள்ளையாகவே கருதி வளர்ச்சியை மதிப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இவ்வாறு கணிப்பது வழக்கம்.

ஏன் காத்திருக்கலாகாது?

பிறக்கும் போது குழந்தையின் மூளை வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ காற்பங்கு நிறையுடையது. இரண்டு வயதிற்குள் அது முக்காற் பங்கை எட்டி விடுகின்றது. இக்காலத்தில் நரம்புக் கலங்களுக்கிடையே எண்ணற்ற தொடர்புகள் உண்டாகின்றன. பிள்ளை காணுவது, கேட்பது, தொடுவது, முயல்வது ஆகியவற்றாற் பயன்படுத்தப்படும் தொடர்புகள் உறுதி பெறுகின்றன. பயன்படாதவை கழிந்து போகின்றன. பலர் நடக்கும் ஒழுங்கை பாதையாகி, யாரும் நடவாத ஒழுங்கையிற் புல் மூடுவது போன்றது இது.

ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். சில குழந்தைகள் கண்ணில் வெண்படலத்தோடு பிறக்கின்றன. முதற் சில வாரங்களுள் அதனை அகற்றிக் கண்ணாடி அணிவித்தால் பிள்ளை பார்வை பெற வழியுண்டு. சில ஆண்டுகள் கழித்து அகற்றினால், கண் தெளிந்திருந்தும் பார்வை தெளிவதில்லை. ஏனெனில் பார்க்கக் கற்க வேண்டிய காலத்திலே மூளைக்கு ஒளி கிடைக்கவில்லை.

செவிப்புலனும் அத்தகையதே. ஒரு மாதத்துள் பரிசோதனை, மூன்று மாதத்துள் நிச்சயம், ஆறு மாதத்துள் உதவி என்பது செவிப்புலன் குறைந்த குழந்தைகளுக்கென வைத்தியர் வகுத்துள்ள கால அட்டவணை. அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் 1998இல் வெளியான ஆய்வொன்று, ஆறு மாதத்துள் கண்டறியப்பட்ட பிள்ளைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களிலும் பார்க்க மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர் என்று காட்டியது. "சொல்வழி கேளாத பிள்ளை" என்று நாம் ஏசும் பிள்ளை, உண்மையிலே காது கேளாத பிள்ளையாக இருக்கலாம்.

தைரொயிட் சுரப்பி சரிவர இயங்காத குழந்தையோ பார்வைக்குச் சுகதேகி போலவே பிறக்கின்றது. கவனியாது விட்டால் அறிவு வளர்ச்சி குன்றி விடும். பிறந்து இரண்டு வாரத்துள் தினமும் சிறு மாத்திரை கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். வைத்தியசாலையிலே குழந்தையின் குதிக்காலிற் குத்திச் சில சொட்டு இரத்தம் எடுப்பது இதற்காகவே. "பச்சைப் பிள்ளையைக் குத்தாதேயுங்கோ" என்று மறிப்பது அன்பாகாது.

அனுபவம் காட்டிய உண்மை

மருந்தாலன்றி, மனிதத் தொடர்பாலும் பிள்ளையின் அறிவு வளரும் என்பதை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவம் உலகுக்கு உணர்த்தியது. 1930ஆம் ஆண்டுகளில் அங்கேயிருந்த அநாதை விடுதியொன்றில், குழந்தைகள் உணவும் உடையும் பெற்றனர். ஆனால் தூக்கிக் கொஞ்சவோ கதைக்கவோ ஆளில்லை. அங்கு வளர்ச்சி மிகப் பிந்தியிருந்த மூன்று வயதுக்குட்பட்ட 13 குழந்தைகளை, ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் வேறோர் இல்லத்திற்கு மாற்றினார். அதுவோ அறிவு வளர்ச்சி குன்றிய பெண்கள் வாழ்ந்த இல்லம். அப்பெண்கள் அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே ஏற்று, தூக்கினர், விளையாடினர், ஓயாது கதைத்தனர்.

விளைவு வியப்பானது. அந்த 13 பேரின் நுண்ணறிவு அளவு சராசரி ஏறத்தாழ 27 புள்ளிகள் உயர்ந்தது. விடுதியிலேயே தங்கிய 12 பேருக்கு அது ஏறத்தாழ 26 புள்ளிகள் குறைந்தது. 1939இல் இதனை அவர் வெளியிட்ட போது பலர் நம்ப மறுத்தனர். 1966இல், வளர்ந்து விட்ட அப்பிள்ளைகளைத் தேடிக் கண்டு மறுபடியும் எழுதினார். மாற்றப்பட்ட 13 பேருள் 11 பேரைக் குடும்பங்கள் தத்தெடுத்திருந்தன. 13 பேருமே சுயமாக வாழ்க்கை நடத்தினர். மற்றக் குழுவினருள் நால்வர் அப்பொழுதும் விடுதிகளிலேயே அடைபட்டிருந்தனர். சிலரைக் கொண்ட சிறிய ஆய்வு இது. பிள்ளைகளை அவ்வாறு கைவிட்டுப் பார்க்க இன்று எவரும் உடன்படார். ஆயினும் கல்வி அறிவில்லாத அப்பெண்கள் செய்ததை எந்தத் தாயும் தந்தையும் செய்யலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

1969இல் விஸ்கொன்சின் மாநிலத்திலே போட்டேஜ் என்னும் சிறு பட்டினத்தில் வேறொரு முயற்சி தொடங்கியது. கிராமங்கள் பரந்து கிடந்தமையாற் பிள்ளைகளை நாள்தோறும் நிலையத்துக்குக் கொண்டுவர இயலவில்லை. எனவே ஆசிரியை வாரம் ஒரு முறை வீடு சென்றார். பிள்ளை அடுத்துக் கற்கக் கூடிய ஒரு சிறு செயலைத் தெரிந்து, அதைக் கற்பிக்கும் முறையைத் தாய்க்குச் செய்து காட்டினார். வாரம் முழுவதும் தாயே ஆசிரியையானாள். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. 1986இல் ஐக்கிய அமெரிக்கா பிறப்பு முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு உதவும் சட்டத்தை இயற்றியது. அங்கே ஒரு பிள்ளையைப் பற்றி அறிவித்தால் 45 நாட்களுள் பரிசோதித்து, குடும்பத்தோடு கூடியிருந்து திட்டம் வகுக்க வேண்டும் என்பது விதி. மாதங்கள் அல்ல, நாட்களே கணக்கிடப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

யாரிடம் போவது?

நமது நாட்டிலே இதற்கு முதற் கதவு வீட்டு வாசலிலேயே உள்ளது. அவர்தான் குடும்ப நல உத்தியோகத்தராகிய மருத்துவமாது. பிள்ளை பிறந்ததும் தரப்படும் பதிவேட்டில் நிறையும் உயரமும் குறிப்பதற்கு மட்டுமன்றி, வளர்ச்சிப் படிகளைக் குறிப்பதற்கும் இடமுண்டு. 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் ஊசி போடக் கிளினிக்குக்குப் போகும் போது, அப்பகுதியையும் எடுத்துக் காட்டுங்கள். ஊசி போட்ட பின் பிள்ளை அழும், கூட்டம் நெருக்கும், கேட்க வந்தது மறந்து போகும். ஆதலால் ஊசிக்கு முன்னரே கேளுங்கள். கேட்க வேண்டியதை முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போவது நன்று.

மருத்துவமாது சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அவர் குழந்தை வைத்திய நிபுணரிடமும் அனுப்புவர். நிபுணர் தேவைக்கேற்ப இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், காது, கண் வைத்தியர் ஆகியோரைக் காட்டுவார். அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணமில்லை. வைத்தியரே "சிறிது காலம் பார்ப்போம்" என்று சொன்னால், "எத்தனை மாதம்? அதற்குள் பிள்ளை எதைச் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் எந்தத் திகதியில் வருவது?" என்று பணிவோடு கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். திகதியோடு காத்திருப்பது கவனிப்பு. திகதியின்றிக் காத்திருப்பது கைவிடுதல்.

தூரத்துக் கிராமங்களிலும் தோட்டப் புறங்களிலும் வாழ்வோருக்கு ஒரு நாட் கிளினிக் என்றால் ஒரு நாட் சம்பளம் போய்விடும். இதை வைத்தியரிடம் மறையாது சொல்லுங்கள். இரண்டு சிகிச்சைகளையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்து தரவும், வீட்டிற் செய்யும் பயிற்சியைக் கூடுதலாகக் கற்பித்து அனுப்பவும் அவர்களால் இயலும். கஷ்டப்பட்ட குடும்பங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் கண்டு பேசலாம்.

வீடே முதற் பள்ளி

சிகிச்சையாளர் மாதத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைக் காணலாம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம்மோடுதான். எனவே பயிற்சியை வேறொரு வேலையாக எண்ணாது, குளிப்பு, உணவு, உடுப்பு, விளையாட்டு ஆகியவற்றோடு சேர்த்து விடுவதே சிறந்த முறை.

குழந்தை விழித்திருக்கும் போது பாயிலே குப்புறப் படுக்க விட்டு, முகத்துக்கு நேரே நீங்களும் படுத்துக் கதையுங்கள். நாளைக்குப் பல முறை, சில நிமிடங்கள் போதும். கழுத்தும் தோளும் உரம் பெறும். ஆனால் நித்திரைக்கு எப்பொழுதும் நிமிர்த்தியே கிடத்த வேண்டும்.

குளிப்பாட்டும் போது "இது கை, இது கால்" என்று சொல்லிச் சொல்லி வாருங்கள். சொல்லி விட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். நாம் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. நாமே கேட்டு நாமே பதிலும் சொல்லி விடுகிறோம். பிந்திய பிள்ளைக்குப் பதிலளிக்கச் சற்று நேரம் வேண்டும். அது ஒரு பார்வையாகவோ ஓர் ஒலியாகவோ இருக்கலாம். அதையும் சொல்லாக ஏற்றுப் பதிலளியுங்கள்.

கேளாமலே எல்லாவற்றையும் கையில் கொடுத்து விடாதீர்கள். வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் இரு கைகளிலும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு நில்லுங்கள். பிள்ளை பார்க்கலாம், கை நீட்டலாம், முனகலாம். தெரிவு செய்ய இடங் கிடைத்தாற்றான் பேசக் காரணம் கிடைக்கும்.

ஒரு செயலைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். கோப்பையிற் குடிக்கப் பழக்குவதாயின், பிள்ளையின் கையின் மேல் உங்கள் கையை வைத்துக் கோப்பையை வாயருகே கொண்டு வந்து, கடைசிச் சிறு தூரத்தை மட்டும் பிள்ளையே செய்ய விடுங்கள். அது பழகியதும் இன்னுஞ் சற்று முன்னரே கையை எடுங்கள். ஒரு கொப்பியிலே வாரத்துக்கு ஒரு செயலை எழுதி, செய்த நாளில் ஒரு கோடு போடுங்கள். மாத முடிவில் அக்கோடுகள் மனத்துக்குத் தரும் தெம்பு பெரிது. வைத்தியருக்கும் அது நல்ல சான்று.

உடம்பு விறைத்த பிள்ளையின் கால்களை இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மெல்ல மடித்தால் விறைப்புத் தளரும். பின் உடுப்பு மாற்றலாம். உணவூட்டும் போது படுக்க வைத்து ஊட்டலாகாது. உணவு சுவாசக் குழாயுள் புகுந்து நெஞ்சுச் சளி உண்டாகும். மடியிலே நிமிர்த்தி இருத்தி, தலை சற்று முன்னே சாய, கரண்டியை முன்பக்கத்தால் கொண்டு வாருங்கள்.

விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. சிரட்டை, அகப்பை, இறுக மூடிய போத்தலுள் இட்ட பயறு போதும். சக்கரம் பூட்டிய "வோக்கர்" நடையைக் கற்பிப்பதில்லை. விழுந்து காயப்படவே இடந் தரும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. கைத்தொலைபேசியும் கதை சொல்லித் தருவதில்லை. இரண்டு வயதாகும் வரை திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பிள்ளைக்குத் தேவை பதில் தரும் முகம். திரை பதில் தருவதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தைச் சென்றடைவர் என்று இங்கே வாக்குறுதி தரப்படவில்லை. உதாரணமாக, டவுண் சின்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளையின் கலங்களில் 46க்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்கள் உள்ளன. 1959இல் பிரெஞ்சு வைத்தியர் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் இதனை வெளியிட்டனர். அந்த ஒன்றை எடுத்து விட எந்தப் பயிற்சியாலும் முடியாது. ஆனால் பயிற்சி பெற்ற பிள்ளை ஏறத்தாழ இரண்டு வயதளவில் நடக்கிறது, தானே உண்கிறது, தன் தேவையைச் சொல்கிறது, தன் வீட்டாரின் நாளில் பங்கு கொள்கிறது. அதுபோல, மூன்று வயது தாண்டி விட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எவரும் சோரக் கூடாது. பிந்தித் தொடங்குவதும் தொடங்காதிருப்பதிலும் மேலானது.

குற்றம் யாருடையது?

பல வீடுகளில் வைத்தியரிடம் போகாமைக்குக் காரணம் அறியாமையன்று, வெட்கம். "ஆர் செய்த பாவமோ" என்ற பேச்சு. யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்திலே, பிறவிக் குருடரைக் கண்ட சீடர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டனர்: இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று. ஆண்டவர் இரண்டையுமே மறுத்தார். இருந்தும் இன்னமும் நாம் அச்சீடர்களின் கேள்வியையே திரும்பக் கேட்டு, பெரும்பாலும் அதைத் தாயின் மேலேயே சுமத்துகிறோம். "வயிற்றில் இருக்கும் போது நீ என்ன செய்தாய்" என்று கேட்கப்பட்ட தாய் அடுத்த கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போக எவ்வாறு துணிவாள்?

தந்தையர் இதில் விலகி நிற்கலாகாது. கிளினிக்குக்கு ஒரு முறையேனும் கூடப் போய், பயிற்சியைத் தாமும் கற்று, மாலையில் அரை மணி நேரம் தாமே செய்தால், தாய்க்கு அது இளைப்பாறும் நேரமுமாகும். அப்பம்மாவும் அம்மம்மாவும் பயிற்சியில் ஒன்றை ஏற்றுக் கொள்ளட்டும். மூத்த பிள்ளைகளுக்கு உண்மையை எளிய சொற்களிற் சொல்லி விடுங்கள். அயலவர் செய்யக் கூடியதும் உண்டு: கிளினிக் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளல், பஸ்ஸுக்குத் துணை போதல், "ஏன் இன்னும் நடக்கவில்லை?" என்று கோயில் வாசலில் வைத்துக் கேளாதிருத்தல். பூசை நேரத்திலே ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்கும் கண்கள், அக்குடும்பத்தை அடுத்த ஞாயிறு வீட்டிலேயே நிறுத்தி விடும்.

குடும்பமாகச் சிந்தித்துப் பேச

1. நம் வீட்டுக் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டை நாம் இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது வாசித்தோம்?

2. குழந்தையைப் பற்றித் தாய் தெரிவித்த பயத்தை, அவளை ஆற்றுவதற்காக நாம் தள்ளி விட்டதுண்டா? அதை இந்த வாரமே யாரிடம் கொண்டு செல்லலாம்?

3. குளிப்பு, உணவு, நித்திரை ஆகிய வேளைகளில், பிள்ளை பதிலளிக்கும் வரை காத்திருந்து கதைக்க எவ்வேளை நமக்கு வசதி?

4. நம் ஒழுங்கையில் இத்தகைய பிள்ளையை வளர்க்கும் குடும்பம் எது? அடுத்த கிளினிக் நாளில் அவர்களுக்கு நாம் செய்யக் கூடிய உதவி யாது?